குழாயைக் கொஞ்சம் கீழே வையுங்கள், டாக்டர்

திடீர்க் கணைய அழற்சியோடு வரும் குழந்தைகளுக்கு இ.ஆர்.சி.பி. செய்யப் பயப்பட ஒன்றுமில்லை என்று மூத்த எண்டோஸ்கோபி நிபுணர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் ஒருவருடைய கருத்தாக மட்டும் இருந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். மாநாட்டு மேடைகளில் கைதட்டலோடும், வார்டு வராந்தாவில் பெற்றோரிடம் அவசரத்தோடும் சொல்லப்படுகிற வாதம் அது. இப்போது அச்சில் வந்துவிட்டது. அச்சில் வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேள்வி கேட்கலாம். அதனால் எனக்கு ஒரு வகையில் சந்தோஷம்தான்.

அவர் சொல்வதைத் திரிக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குச் செய்த இ.ஆர்.சி.பி.களில் சிக்கல் 100-க்கு 6 தான், பெரியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே பாதுகாப்பானது. ஏற்கெனவே வீங்கிய கணையத்தில் கைவைத்தால் அழற்சி கூடும் என்பது பழைய பயம். ஆய்வுகளில் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. கணையம் அழுத்தம் ஏறிய பிரஷர் குக்கர் மாதிரி. நாளத்தைத் திறந்து ஆவியை வெளியேற்றினால் அடங்கிவிடும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அதையும் தாமதிக்காமல் வடித்துவிட வேண்டும். கடைசியாக ஒரு குத்தல்: காத்திருக்கலாம் என்பவர்களுக்குக் கைத்திறன் போதாது, தங்கள் தயக்கத்துக்கு எச்சரிக்கை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் இந்தச் சிகிச்சை என்ன என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். வளையும் குழாய் ஒன்றை வாய் வழியாக இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல் வரை இறக்குகிறார்கள். பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் வந்து திறக்கும் ஒரு சிறிய முகடு அங்கே இருக்கிறது. அதற்குள் மெல்லிய குழல் ஒன்றை நுழைத்து, சாயம் செலுத்தி, எக்ஸ்ரேயில் நாளங்களைப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் அந்த வாயை வெட்டி விரித்துக் கல்லை எடுக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம். 1968-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக வெட்டும் முறை வந்தது. 1976-இல் ஒரு கைக்குழந்தைக்கே செய்துகாட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சிகிச்சையால் மிக அதிகமாக வரும் சிக்கல் எது தெரியுமா? கணைய அழற்சி. எந்த நோய்க்காகக் குழாயை எடுக்கிறோமோ அதே நோயைக் குழாயும் உண்டாக்கும். நிபுணரின் நீண்ட கட்டுரையில் இந்தச் செய்திக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது.

அந்த 6-க்கு வருவோம். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 32 ஆய்வுகளிலிருந்து 3,566 சிகிச்சைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. சிக்கல் சுமார் 6 சதவீதம். எண் சரிதான். யாருடைய எண் என்பதுதான் கேள்வி. பித்தநாளத்தில் கல் இருந்த பிள்ளை, பிறவியிலேயே பித்தநாளம் பை மாதிரி விரிந்திருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை தெளியாத பச்சிளம் சிசு, வருடக்கணக்காக நாள்பட்ட கணைய நோயோடு வாழும் பதின்பருவத்தினர் எல்லோரும் அந்த ஒரே கூடைக்குள் இருக்கிறார்கள். நேற்று இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சராசரியிலிருந்து என்ன தெரியும்?

இதைவிட மோசமான ஒன்று உண்டு. 2015-இல் அமெரிக்காவில் 313 பிள்ளைகளுக்குச் செய்த 432 சிகிச்சைகளை ஆராய்ந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு கணைய அழற்சி வந்தது ஏறக்குறைய 11 சதவீதம். யாருக்கு அதிகம் என்று பார்த்தால், கணைய நாளத்துக்குள் சாயம் செலுத்தப்பட்டவர்களுக்கும் கணைய நாளத்தின் வாய் வெட்டப்பட்டவர்களுக்கும். யாருக்குக் குறைவு? ஏற்கெனவே நாள்பட்ட கணைய நோய் உள்ளவர்களுக்கு. காரணம் புரியாததல்ல. நார்ப்பிடித்துப் பாதி செத்துப்போன கணையத்தில் வீங்குவதற்கு உயிருள்ள திசு அதிகம் மிச்சமில்லை. ஆகவே நாள்பட்ட நோயாளிகளை எவ்வளவு அதிகமாகக் கூடைக்குள் போடுகிறீர்களோ, அவ்வளவு அழகாகச் சராசரி இறங்கும். இறங்கிய சராசரியை எடுத்துக்கொண்டு, நல்ல கணையத்தில் முதல்முறையாக அழற்சி வந்த பிள்ளையின் அப்பாவிடம் காட்டுகிறார் நம் நிபுணர். அப்பாவுக்கு இது தெரியாது. நிபுணருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

பாதுகாப்புக்காகக் கணைய நாளத்தில் முன்கூட்டியே ஒரு சிறு ஸ்டென்ட் வைத்துவிடுவோமே என்பார். பெரியவர்களிடம் அது பலன் தருகிறது. அதே 2015 ஆய்வில், கணைய நாளத்தில் சாயம் போன பிள்ளைகளுக்கு அப்படி வைத்த ஸ்டென்ட் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. வைத்தவர்களிடம் அழற்சி இன்னும் கூடுதலாகவே இருந்தது. பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு என்பதால் ஸ்டென்ட்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்குப் பொருந்துவது குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று அவரும் அடித்துச் சொல்லக்கூடாது.

அடுத்தது, ஏற்கெனவே அழற்சி உள்ளவர்களுக்குச் சிகிச்சையால் அழற்சி கூடவில்லை என்ற வாதம். கட்டுரையிலேயே எனக்கு அதிக எரிச்சல் தந்தது இதுதான். சிகிச்சைக்குப் பின் வரும் கணைய அழற்சியை எப்படி அடையாளம் காண்கிறோம்? 1991-இல் உலக நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்ட வரையறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சிகிச்சைக்குப் பிறகு புதிதாகவோ கூடுதலாகவோ வயிற்றுவலி வர வேண்டும், 24 மணி நேரம் கடந்தும் ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதி வழக்கமான உச்ச அளவைப்போல் 3 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும், அதனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் அல்லது தங்கும் நாள் நீள வேண்டும். ஏற்கெனவே வலியில் துடித்துக்கொண்டு, லைபேஸ் என்ற இன்னொரு கணைய நொதி ஆயிரக்கணக்கில் ஏறி, ஒரு வாரமாகப் படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்கு இந்த வரையறையை எப்படிப் பொருத்துவீர்கள்? வலி பழையதா புதியதா? நொதி ஏறியது நோயினாலா குழாயினாலா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அதனால்தான் பல ஆய்வாளர்கள் ஏற்கெனவே அழற்சி உள்ளவர்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அது நேர்மை. விலக்கியதால் வந்த வெற்றிடத்தைக் காட்டி, பாருங்கள், அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு என்ன பெயர்? அளக்க முடியாததை நடக்கவில்லை என்று எழுதிவிட்டார்.

எண்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நான் இத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறேன், ஒருவருக்கும் பாதகமில்லை என்று மேடையில் ஒருவர் சொன்னால் கூட்டம் தலையாட்டும். கொஞ்சம் புள்ளியியல் படித்தவர் தலையாட்ட மாட்டார். 30 பேருக்குச் செய்து 30 பேரும் நன்றாக இருந்தாலும், உண்மையான சிக்கல் விகிதம் 100-க்கு 10 வரை இருக்க இடமுண்டு. சின்னத் தொகுப்பில் பூஜ்யம் என்றால் இன்னும் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

சரி, குக்கருக்கு வருகிறேன். பெற்றோருக்கு உடனே பிடிபடுகிற உவமை. ஆகவே ஆபத்தான உவமையும்கூட. பித்தப்பையிலிருந்து உருண்டு வந்த கல் பொதுவாயில் சிக்கி, கணையநீர் வெளியேற வழியில்லாமல் போவது ஒரு வகைக் கணைய அழற்சிதான். குழந்தைகளிடம் மற்ற வகைகளே நிறைய. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், ரத்தப் புற்றுக்குத் தரும் அஸ்பராஜினேஸ், பொன்னுக்கு வீங்கி போன்ற வைரஸ் தொற்று, சைக்கிள் கைப்பிடி வயிற்றில் குத்திய காயம், ரத்தத்தில் எகிறிய டிரைகிளிசரைடு, பெற்றோர் வழி வந்த மரபணு மாற்றம் என்று பட்டியல் நீளம். நம் நாட்டுப் பிள்ளைகளிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி தென்படுகிறது. இவற்றில் பலவற்றில் அடைப்பு என்று ஒன்று கிடையாது. குடலுக்குப் போய் விழிக்க வேண்டிய நொதிகள் கணைய செல்லுக்குள்ளேயே விழித்துக்கொண்டு, உள்ளிருந்தே அதைச் செரிக்கத் தொடங்குகின்றன. வால்ப்ரோயேட்டால் வந்த அழற்சிக்கு மாத்திரையை நிறுத்த வேண்டும். நாளத்தின் வாயை வெட்டி எந்த ஆவியை வெளியேற்றப் போகிறீர்கள்?

கல்லால் வந்த அழற்சி என்றே வைத்துக்கொள்வோம். குக்கர் வாதம் பலிக்க வேண்டிய இடம் இதுதான். அதைப் பெரியவர்களிடம் ஒருமுறை அல்ல, பலமுறை சோதித்துப் பார்த்தாயிற்று. 1988-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் 1993-இல் ஹாங்காங்கிலும் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அவற்றில் பித்தநாளத்தில் சீழ்த்தொற்று இருந்தவர்களும் கலந்திருந்தார்கள். பலன் யாருக்குக் கிடைத்தது என்று பிரிக்க முடியவில்லை. 1997-இல் ஜெர்மனியில், கடுமையான காமாலை உள்ளவர்களைச் சேர்க்காமல் சோதித்தார்கள். பலன் காணோம், அவசரமாக இ.ஆர்.சி.பி. செய்யப்பட்டவர்களிடம் மூச்சுத்திணறிப் போனவர்கள்தான் அதிகம். பிறகு 2020-இல் நெதர்லாந்தின் 26 மருத்துவமனைகள் சேர்ந்து, நோய் கடுமையாகும் என்று கணிக்கப்பட்ட, ஆனால் பித்தநாளத் தொற்று இல்லாத 232 பேரை இரண்டாகப் பிரித்தன. ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் நாளத்தை வெட்டித் திறந்தார்கள். மறுபாதிக்குப் பொறுத்திருந்து பார்த்தார்கள். மரணமோ பெரிய சிக்கலோ வந்தது முதல் பாதியில் 38 சதவீதம், இரண்டாம் பாதியில் 44 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசமில்லை. குக்கரின் விசில் அன்றோடு நின்றிருக்க வேண்டும். நம் நிபுணரின் கட்டுரை அந்தச் சோதனையைத் தொடவே இல்லை.

பெரியவர்களின் ஆய்வைக் குழந்தைகளுக்கு எப்படிப் பொருத்தலாம் என்று அவர் திருப்பிக் கேட்கலாம். கேட்கட்டும். 100-க்கு 6 என்ற எண் பெரியவர்களுடைய எண்ணுக்குச் சமம் என்று ஆறுதல் சொன்னது அவர்தான். ஒப்பீடு தமக்கு வசதியான இடத்தில் மட்டும் செல்லும், மற்ற இடத்தில் செல்லாது என்றால் அதற்குப் பெயர் வக்கீல் வாதம்.

இந்தத் துறைக்கு இப்படிச் சூடுபட்டது முதல்முறையும் அல்ல. பித்தப்பை எடுத்த பிறகும் வயிற்றுவலி தீராதவர்களுக்கு, நாள வாயின் தசை இறுகியிருக்கிறது என்று சொல்லிப் பல்லாண்டுகள் அதை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். நோயாளிகளும் குணமானதாகச் சொன்னார்கள். 2014-இல் வெளியான ஒரு சோதனையில் 214 பேரில் சிலருக்கு உண்மையாக வெட்டி, மற்றவர்களுக்கு வெட்டாமல் விட்டு, யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லாமல் வைத்தார்கள். வெட்டியவர்களில் வலி குறைந்தது 23 சதவீதம். வெட்டாதவர்களில் 37 சதவீதம். கை பழகிவிட்டது, நோயாளியும் நன்றி சொல்கிறார் என்பதெல்லாம் சான்றாகாது என்பதை எண்டோஸ்கோபிக்காரர்கள் சொந்த வீட்டிலேயே படித்த பாடம் இது.

நீர்க்கோப்பை உடனே வடிக்க வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு தெளிவாகச் சொல்கிறது: சுற்றிலும் உறுதியான சுவர் உருவாகப் பொதுவாக 4 வாரம் ஆகும். அதற்கு முன் ஊசி குத்துவது சுவரில்லாத குளத்தில் கால்வாய் வெட்டுவது. பெரியவர்களிடம் 2021-இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து சோதனையில், தொற்று ஏறிய கணையச் சிதைவு உள்ளவர்களிலேயே தள்ளிப்போட்ட பிரிவில் 39 சதவீதத்தினர் ஆன்டிபயாடிக் மட்டும் வைத்துத் தேறினார்கள்; வடிக்கவே வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளின் நீர்க்கோப்புகளில் பல தாமாகவே வற்றிவிடும். வலி, வாந்தி, தொற்று எதுவும் இல்லாத பிள்ளைக்கு, ஸ்கேனில் தெரிகிறது என்பதற்காக மட்டும் குத்துவானேன்?

குழந்தை என்ற சொல்லுக்குள் அவர் எத்தனை பேரை அடைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 16 வயதுப் பையனும் குழந்தை, 8 கிலோ எடையுள்ள சிசுவும் குழந்தை. வழக்கமான குழாயை 10 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே 7.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தனிக் குழாய் வேண்டும். அதன் உள்வழி வெறும் 2 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கான கருவிகள் பல அதற்குள் நுழையவே நுழையாது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அந்தக் குழாயே இருக்காது. பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் போட வேண்டும். நோயால் வீங்கிய குடலில் நாள வாயைக் கண்டுபிடிப்பதே சிரமம்; எத்தனை தடவை குத்தித் தேடுகிறோமோ அத்தனை தடவை ஆபத்து ஏறுகிறது. வெளியான தொகுப்புகளில் பல, இந்த வேலையை ஆண்டு முழுக்கச் செய்யும் பெரிய மையங்களிலிருந்து வந்தவை; அவற்றில் பதின்பருவத்தினர் ஏராளம். அந்தக் கைகள் சம்பாதித்த எண்ணைத் தம் கைக்கும் சேர்த்து எழுதிக்கொள்கிறார் நிபுணர்.

கட்டுரையில் எங்குமே வராத செய்தி ஒன்று: பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிகிச்சை மிகவும் சலிப்பானது. நரம்பு வழியாக நீர், அளவறிந்து. 2022-இல் பெரியவர்களிடம் நடந்த சோதனையில் மிதமிஞ்சி நீர் ஏற்றப்பட்டவர்களுக்கு நீர்ச்சுமைதான் மிஞ்சியது. வலிக்கு நல்ல மருந்து. தொற்று இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது. வாயைக் கட்டிப்போடும் பழைய வழக்கத்தை விட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சாப்பிடக் கொடுப்பது. வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவர்களின் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது இதைத்தான், இ.ஆர்.சி.பி.க்கு அதில் குறுகிய இடம்தான் உண்டு. ஒவ்வொரு முறை தியேட்டருக்குக் கொண்டுபோகும்போதும் பிள்ளை மறுபடி பட்டினி கிடக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சான்றுள்ள சிகிச்சையைத் தள்ளிப்போட்டுச் சான்றில்லாத சிகிச்சைக்குத் தயார்ப்படுத்துகிறோம். ஒருவேளைக் கஞ்சிக்குப் பில் போட முடியாது என்பது உண்மைதான். அதை நிபுணரின் மேல் சுமத்த மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, குழாயே கூடாது என்று இவரும் சொல்கிறார் என்று யாராவது கிளம்பினால் அவர்களோடும் எனக்குச் சண்டைதான். காய்ச்சல், மஞ்சள் காமாலை, மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்து, பித்தநாளத்தில் கல் அடைத்துத் தொற்று ஏறிய பிள்ளைக்கு, நல்ல கை கிடைக்கும் இடத்துக்கு உடனே அனுப்பி நாளத்தைத் திறந்தாக வேண்டும். அங்கே தயங்கினால் உயிர் போகும். ரத்தச் சிவப்பணு சிதையும் நோயுள்ள பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பித்தக்கல் வரும். கல் நாளத்தில் சிக்கி விலகாமல் நின்றால் எடுக்க வேண்டியதுதான். எடுத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பித்தப்பையில் மிச்சமிருக்கும் கல் திரும்ப வந்து நிற்கும். பித்தப்பையையும் தாமதிக்காமல் எடுக்கச் சொல்ல வேண்டும். காயத்தில் கணைய நாளம் கிழிந்து கசியும்போது ஸ்டென்ட் உதவலாம். காஷ்மீரில் நாளத்துக்குள் உருளைப்புழு ஏறிய நோயாளிகள் 500 பேரை டாக்டர் குரூவும் அவர் குழுவினரும் 1990-இல் விவரித்தார்கள். பல புழுக்கள் தாமே வெளியேறின, வெளியேறாதவற்றை எண்டோஸ்கோபியால் எடுத்தார்கள். காத்திருக்கவும் தெரிந்து, கைவைக்கவும் தெரிந்தவர்களின் வேலை அது. அவர்களுக்குக் கைத்திறன் இல்லை என்று நிபுணர் சொல்வாரா?

நாளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க இப்போது குழாய் தேவையில்லை. எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் இருக்கிறது, கதிர்வீச்சு இல்லை, கணையத்தைத் தொடுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கும் மயக்கம் வேண்டியிருக்கலாம். அது ஒன்றுதான் தொந்தரவு. பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக இன்றும் இ.ஆர்.சி.பி. செய்பவர் இருந்தால், அவர் பல ஆண்டுகள் பின்னால் நிற்கிறார்.

டாக்டர், உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த கட்டுரையில் அடுத்தவர் எண்ணை விட்டுவிட்டு உங்கள் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். திடீர்க் கணைய அழற்சியோடு உங்களிடம் வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் குழாய் விட்டது எத்தனை பேருக்கு, ஒவ்வொருவருக்கும் என்ன காரணம், வயதும் எடையும் என்ன, முன்னதாக எம்.ஆர்.சி.பி. எடுத்தீர்களா, கணைய நாளத்தில் சாயம் போனதா, பிள்ளை எத்தனையாவது நாள் சாப்பிட்டது, 30 நாளுக்குள் திரும்ப வந்தவர்கள் யார் யார். குழாய் விடாமலே வீட்டுக்குப் போன பிள்ளைகளையும் மறக்காமல் எழுதுங்கள். அதுவரை, ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது பெற்றோரிடம் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லாதீர்கள். எதற்காகச் செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாவிட்டால் படிவத்தை நீட்டாதீர்கள்.